கைவிடப்பட்ட பழைய ரோடு சைக்கிளை மீட்கலாமா? அறிகுறி வாரியாக ஒரு சோதனை முறை

பல ஆண்டுகள் மழையும் தூசியும் பட்டுக் கிடந்த ஒரு பழைய ரோடு சைக்கிளில் முதலில் கண்ணில் படுபவை துருவேறிய செயின், வெடித்த டயர், நைந்து தொங்கும் ஹேண்டில்பார் நாடா, இற்றுப்போன பிரேக் கம்பி ஆகியவை. இவற்றைக் கண்டதுமே ‘இது தேறாது’ என்று பலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். நாள்தோறும் ஓடும் சைக்கிளிலும் இவையெல்லாம் அவ்வப்போது மாற்றப்படும் தேய்மானப் பொருள்கள்தாம். எப்படியும் செலவுக் கணக்கில் சேர வேண்டியவை என்பதால், இவற்றின் நிலை நம் முடிவை மாற்றக்கூடாது. ஃபிரேம் நேராக இருக்கிறதா, அதன் உலோகம் உள்ளே உறுதியாக இருக்கிறதா, ஒன்றுக்குள் ஒன்று செருகப்பட்ட பாகங்கள் கழலுமா, சக்கரங்கள் பயன்படுமா என்ற கேள்விகளே முடிவைத் தருகின்றன. மாற்ற முடியாததை முதலிலும் எளிதில் மாற்றக்கூடியதை இறுதியிலும் பார்க்கும் வரிசையில் இந்தக் குறிப்புகள் அமைந்துள்ளன. வழியில் எங்கேனும் ‘விட்டுவிடுக’ என்ற விடை கிடைத்தால் அதற்குப் பிந்தைய சோதனைகள் தேவையில்லை, கடைசிப் பகுதியை மட்டும் பார்த்தால் போதும்.

பெரும்பாலும் 1950களிலிருந்து 1980களின் இறுதி வரை செய்யப்பட்ட, வளைந்த ஹேண்டில்பாரும் எஃகு ஃபிரேமும் கொண்ட சைக்கிள்களையே இங்கு கருதுகிறேன். சோதனைக்கு நீளமான நூல், மில்லிமீட்டர் குறித்த அடிக்கோல், வெர்னியர் காலிப்பர், சிறு காந்தம், டார்ச் விளக்கு, கூரான ஊசி, சில ஸ்பேனர்கள், ஆலன் சாவிகள் ஆகியவை போதும்.

கை வைப்பதற்கு முன்

கேட்பாரற்றுக் கிடப்பது வேறு, உரிமையாளர் இல்லாதிருப்பது வேறு. பெடல் அச்சு செல்லும் அடிக்கூட்டின் கீழ்ப்புறத்தில் பெரும்பாலும் ஒரு வரிசை எண் குத்தப்பட்டிருக்கும். அதைக் குறித்துக்கொண்டு, அந்த இடத்தின் பொறுப்பாளரிடமும் தேவைப்பட்டால் காவல் நிலையத்திலும் தெரிவித்து, எடுத்துக்கொள்ள எழுத்து மூலம் ஒப்புதல் பெறுவதே முறை. பிறருடைய பொருளைச் செப்பனிடுவதில் செலவழித்த உழைப்பு, உரிமையாளர் வந்து கேட்டவுடன் அவருடையதாகிவிடும்.

அடுத்தது அளவு. டாப் டியூபின் (சீட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் இடையே உள்ள மேல்குழாயின்) இருபுறமும் கால் வைத்து, இரு பாதங்களும் தரையில் முழுமையாகப் படும்படி நின்று பாருங்கள். உடலுக்கும் குழாய்க்கும் நடுவே இடைவெளியே இல்லையென்றால் அந்த ஃபிரேம் உங்களுக்குப் பெரியது. ஸ்டெமை (ஹேண்டில்பாரைத் தாங்கும் தண்டை) குட்டையாக்கலாம், சீட்டைத் தாழ்த்தலாம். ஃபிரேமின் அளவை மட்டும் மாற்ற இயலாது. பொருந்தாத அளவில் உள்ள அருமையான சைக்கிளைச் சீரமைப்பவர்கள் அதைப் பெரும்பாலும் சுவரில் சாய்த்தே வைத்திருக்கிறார்கள் என்பதால், இந்தச் சோதனையை நான் எல்லாவற்றுக்கும் முன்னால் வைக்கிறேன்.

அறிகுறி: முன்சக்கரம் டவுன் டியூபை நெருங்கி நிற்கிறது

ஹேண்டில்பாருக்குக் கீழிருந்து பெடல் அச்சுக்குச் சாய்வாக இறங்கும் குழாயே டவுன் டியூப். முன்புறம் எதிலோ மோதியதன் அடையாளம் இது. பக்கவாட்டிலிருந்து பார்க்கும்போது, ஹெட் டியூபின் (ஹேண்டில்பார் தண்டு செருகப்படும் முன்குழாயின்) நடுக்கோடு ஃபோர்க்கின் (முன்சக்கரத்தைப் பிடிக்கும் கவையின்) மேற்பகுதி வழியாக, அது முன்னோக்கி வளையத் தொடங்கும் இடம் வரை, ஒரே நேர்கோடாக இறங்க வேண்டும். ஃபோர்க்கின் மேற்பகுதி அந்தக் கோட்டிலிருந்து பின்னோக்கிச் சாய்ந்திருந்தால் அது வளைந்துவிட்டது என்று பொருள்.

ஃபோர்க் வளைந்தது மட்டுமே குறையென்றால் வேறு ஃபோர்க் பொருத்திவிடலாம். ஆனால் ஃபோர்க்கை வளைக்கும் அளவுக்கு வந்த விசை அதனோடு நின்றுவிடுவது அரிது. ஆகவே அடுத்துச் செய்ய வேண்டிய சோதனையை நிதானமாகச் செய்யுங்கள். டவுன் டியூபின் அடிப்பக்கத்தை ஈரத்துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு, கண்களை மூடிக்கொண்டு, ஆள்காட்டி விரலின் நுனியை ஹெட் லக்கின் (குழாய்கள் சேரும் இடத்தில் உள்ள இணைப்புக் கூட்டின்) விளிம்பிலிருந்து மெதுவாகப் பின்னோக்கி நகர்த்துங்கள். முதல் சில அங்குலங்களில் குழாய் சற்றே புடைத்து, உடனே பள்ளமாகி, மீண்டும் சமமாவது விரலுக்குத் தட்டுப்பட்டால், குழாய் அங்கே அமுங்கி மடிந்திருக்கிறது. அதே இடத்தில் பெயின்ட் குறுக்காக மெல்லிய கீற்றுகளாக வெடித்திருப்பதையும், அந்தக் கீற்றுகளில் துரு கசிந்திருப்பதையும் காணலாம். டாப் டியூபின் அடிப்பக்கத்தையும் இவ்வாறே சோதியுங்கள். கண்ணுக்குத் தெரியாத மடிப்பைக்கூட டார்ச் விளக்கைக் குழாயோடு ஒட்டிச் சாய்வாகப் பிடித்தால் நிழல் காட்டிக்கொடுக்கும்.

மடிப்பு ஏன் அங்கே விழுகிறது என்பதற்குக் காரணம் உண்டு. தரமான ஃபிரேம் குழாய்கள் முனைகளில் தடித்தும் நடுவில் மெலிந்தும் இருக்கும்படி இழுக்கப்பட்டவை. எடுத்துக்காட்டாக, இத்தாலியின் கொலம்பஸ் எஸ்.எல். குழாயின் சுவர் முனையில் 0.9 மி.மீ., நடுவில் 0.6 மி.மீ. தடிமன் கொண்டது. தடித்த பகுதி முடிந்து மெல்லிய பகுதி தொடங்கும் இடத்திலேயே மோதலின் விசை குழாயை மடிக்கிறது. மடிந்த குழாயைத் தட்டி நிமிர்த்துவது தீர்வாகாது. குழாயையே மாற்ற ஃபிரேம் செய்யும் கைவினைஞரால் முடியும். ஆனால் அந்த வேலைக்கு ஆகும் செலவு, மிகச் சிறந்த ஃபிரேம்களைத் தவிர வேறெதற்கும் நியாயமாகாது. சாதாரண ஃபிரேமில் மடிப்பு இருந்தால் விட்டுவிடுக.

இன்னொரு எச்சரிக்கை. ஃபோர்க்கில் காந்தத்தை வைத்துப் பாருங்கள். எஃகு ஃபிரேமில் காந்தம் ஒட்டாத அலுமினிய ஃபோர்க் இருந்தால், அது லாம்பர்ட் அல்லது வைகவுண்ட் முத்திரை கொண்ட சைக்கிளா என்று கவனியுங்கள். அவற்றின் வார்ப்பு அலுமினிய ஃபோர்க்குகள் ஓட்டத்தின்போதே முறிந்தவை, பின்னர் விற்பனையாளராலேயே திரும்பப் பெறப்பட்டவை. அத்தகைய ஃபோர்க் எவ்வளவு புதிதாகத் தோன்றினாலும் அதை எஃகு ஃபோர்க்காக மாற்றாமல் ஒருமுறைகூட ஓட்டக்கூடாது.

அறிகுறி: சக்கரம் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது

குறை சக்கரத்திலா, ஃபிரேமிலா என்று முதலில் பிரித்தறிய வேண்டும். முன்சக்கரத்தைக் கழற்றி, இடம் வலமாகத் திருப்பி மாட்டுங்கள். சாய்வும் மறுபக்கம் மாறினால் குறை சக்கரத்தில் இருக்கிறது, கோட்டம் எடுத்தால் சரியாகிவிடும். சக்கரத்தைத் திருப்பிய பிறகும் சாய்வு அதே பக்கத்தில் நின்றால் குறை ஃபோர்க்கில்தான்.

பின்புறத்துக்கு நூல் சோதனை ஏற்றது. நூலின் ஒரு முனையைப் பின்புற வலது டிராப் அவுட்டில் (சக்கர அச்சு அமரும் பிளவுத் தகட்டில்) கட்டி, முன்னே கொண்டுபோய் ஹெட் டியூபைச் சுற்றி, இடது டிராப் அவுட்டுக்குத் திருப்பிக் கொண்டுவந்து விறைப்பாகக் கட்டுங்கள். இப்போது நூலுக்கும் சீட் டியூபுக்கும் (சீட்டிலிருந்து பெடல் அச்சுக்கு இறங்கும் குழாய்) உள்ள தூரத்தை இருபுறமும் அளந்தால், ஃபிரேம் நேராக இருந்தால் இரண்டும் சமமாக இருக்கும். 1 மி.மீ. வேறுபாட்டைப் பொருட்படுத்த வேண்டாம். 3 மி.மீ.-ஐத் தாண்டினால் பின்சக்கரத்தைத் தாங்கும் பின்முக்கோணம் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. சாதாரண எஃகு ஃபிரேமை அனுபவமுள்ளவர் சூடாக்காமலே வளைத்து நேராக்க முடியும் என்பதால், இந்தக் குறை மட்டும் இருந்தால் சைக்கிளைத் தள்ளிவிடத் தேவையில்லை. வெப்பப் பதனம் செய்யப்பட்ட ரெனால்ட்ஸ் 753 போன்ற குழாய்களிலும் அலுமினியத்திலும் இவ்வாறு வளைக்கக்கூடாது.

டிராப் அவுட்டுகளின் உட்பக்க இடைவெளியையும் அப்போதே அளந்துகொள்ளுங்கள். ஐந்து பல்சக்கரக் காலத்து ஃபிரேமில் அது 120 மி.மீ., ஆறு அல்லது ஏழு பல்சக்கரத்துக்கு 126 மி.மீ., அதன் பிறகு வந்தவற்றில் 130 மி.மீ. அளவு இவற்றில் ஒன்றோடு பொருந்தாமல் இடைப்பட்டு நின்றால், முன்பு யாரோ வலிந்து விரித்திருக்கிறார்கள் அல்லது பின்புறம் அடிபட்டிருக்கிறது என்று கொண்டு நூல் சோதனையை மீண்டும் செய்யுங்கள்.

அறிகுறி: ஃபிரேம் முழுவதும் துரு

பரவலான துரு பார்க்கப் பயங்கரமாக இருந்தாலும், பெரும்பாலும் அது மேற்பரப்பில் படிந்த படலமே. பித்தளை பிரஷால் தேய்த்தால் பழுப்புத் தூள் உதிர்ந்து அடியில் சாம்பல் நிற உலோகம் தெரிந்தால் அச்சமில்லை. பெயின்ட் கொப்பளம் கொப்பளமாக எழும்பி, அதைச் சுரண்டும்போது தகடு தகடாக உரிந்து, அடியில் குழிகள் தெரிந்தால் கவலைப்பட வேண்டும். அந்தக் குழிகளில் ஊசியின் முனையை வைத்து அழுத்துங்கள். உலோகம் அழுத்தத்துக்கு இடம் கொடுத்தாலோ, ஊசி உள்ளே இறங்கினாலோ, ஃபிரேம் முடிந்துவிட்டது. அரை மில்லிமீட்டரைச் சற்றே தாண்டிய சுவரில், குழி ஒன்று பாதி ஆழம் வரை அரித்திருப்பதே பெரிய இழப்பு.

உள்ளிருந்து வரும் துரு இதைவிட வஞ்சகமானது. சீட் போஸ்ட்டை (சீட்டைத் தாங்கி சீட் டியூபுக்குள் செல்லும் தண்டை) இறுக்கும் பிளவு வழியாக இறங்கும் மழைநீர், சீட் டியூபின் அடியில், பெடல் அச்சுக் கூட்டில் தேங்குகிறது. ஃபிரேமின் மிக மோசமான துரு அங்கேதான் பிடிக்கும். சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து ஆட்டுங்கள். நீரோ, சேறுபோன்ற பழுப்புக் குழம்போ, துருச் செதில்களோ கொட்டினால், பெடல் அச்சைக் கழற்றி உள்ளே விளக்கடித்துப் பார்க்காமல் முடிவெடுக்க வேண்டாம். செயின் ஸ்டேயும் (பின்சக்கர அச்சை நோக்கிச் செல்லும் கீழ்க்குழாய்) சீட் டியூபும் கூட்டில் சேரும் இடங்களை ஸ்பேனரால் மெல்லத் தட்டிக்கொண்டே வாருங்கள். கணீரென்ற ஒலி சட்டென்று மந்தமாகும் இடத்தை ஊசியால் சோதியுங்கள்.

பெயின்டில் ஒரு கோடு தெரிகிறது, அது கீறலா விரிசலா என்ற ஐயம் அடிக்கடி எழும். அந்த இடத்தில் மண்ணெண்ணெய் தடவிச் சில நிமிடங்கள் ஊறவிட்டு, நன்றாகத் துடைத்து உலர்த்திய பின் சுண்ணக்கட்டித் தூளை மெல்லத் தூவுங்கள். விரிசலாக இருந்தால் உள்ளே புகுந்த மண்ணெண்ணெய் திரும்பக் கசிந்து, வெள்ளைத் தூளில் கரிய கோடாக வெளிப்படும். பின்புற வலது டிராப் அவுட்டின் வேர், சீட் லக்கின் காதுகள், ஹெட் டியூபின் கீழ் லக், பெடலைத் தாங்கும் கிராங்கின் கரம் பல்சக்கரத் தாங்கியோடு சேரும் மூலை ஆகியவற்றை இவ்வாறு சோதித்துவிடுங்கள். கடைசியாகச் சொன்ன மூலை, இத்தாலிய உதிரிபாக நிறுவனமான காம்பக்னோலோவின் நுவோவோ ரெக்கார்ட் போன்ற மதிப்புமிக்க பழைய கிராங்குகளிலும் விரிசல் விடும் இடம்.

அறிகுறி: ஸ்டிக்கர்கள் உரிந்துவிட்டன, என்ன சைக்கிள் என்றே தெரியவில்லை

பெயர் தெரியாததால் எந்தக் குறையுமில்லை. ஃபிரேமே தன் தரத்தைச் சொல்லும். முதலில் டிராப் அவுட்டைப் பாருங்கள். தடித்து, விளிம்புகள் செதுக்கியதுபோல் இருந்து, காம்பக்னோலோ, ஷிமானோ, சன்டூர் போன்ற ஒரு பெயர் அதில் பதிக்கப்பட்டிருந்தால் அது அடித்து உருவாக்கப்பட்டது, ஃபிரேமும் கவனத்தோடு செய்யப்பட்டது என்று நம்பலாம். தகட்டை வெட்டியெடுத்ததுபோல் தட்டையாக இருந்து, செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும் பின் டீரெய்லர் தனித் தகடு ஒன்றின் மூலம் அச்சில் மாட்டப்பட்டிருந்தால் அது மலிவு வகை.

அடுத்த சான்று சீட் போஸ்ட்டின் விட்டம். 27.2 மி.மீ. என்றால் சீட் டியூப் மெல்லிய சுவர் கொண்ட தரமான குழாய். 26 மி.மீ.-க்கும் கீழே செல்லச் செல்லக் குழாய் தடித்துக் கனக்கிறது என்று பொருள். பழைய பிரெஞ்சு ஃபிரேம்களுக்கு இந்த அளவுகோல் பொருந்தாது. அவற்றின் குழாய்களின் வெளிவிட்டமே சற்றுச் சிறியது என்பதால், 26.4 அல்லது 26.6 மி.மீ. போஸ்ட் உள்ளதும் நல்ல ஃபிரேமாக இருக்கலாம். இங்கிலாந்தின் ரெனால்ட்ஸ் 531 குழாய் 1935இல் அறிமுகமாகிப் பல பத்தாண்டுகள் உயர்தர ஃபிரேம்களின் அடையாளமாக இருந்தது. அதன் ஸ்டிக்கரின் ஒரு மூலை சீட் டியூபில் ஒட்டியிருந்தாலும் அதைச் சுரண்டிவிடாதீர்கள்.

காலத்தை அறிய உதிரிபாகங்கள் துணைசெய்யும். பழைய ஷிமானோ பாகங்களின் பின்புறத்தில் இரண்டு ஆங்கில எழுத்துகள் குத்தப்பட்டிருக்கும். முதல் எழுத்து ஆண்டைக் குறிக்கும், ‘ஏ’ என்பது 1976. இரண்டாவது எழுத்து மாதத்தைக் குறிக்கும், ‘ஏ’ என்பது ஜனவரி. அதன்படி ‘எச்.சி.’ என்ற குறி 1983 மார்ச்சைச் சுட்டும். பாகங்கள் பின்னர் மாற்றப்பட்டிருக்கலாம் என்பதால், பல பாகங்களின் குறிகள் ஒரே காலத்தைக் காட்டினால் மட்டுமே நம்புங்கள்.

மலிவு வகை ஃபிரேமை மீட்கக்கூடாது என்று நான் சொல்லவில்லை. அன்றாடப் பயணத்துக்கு அது பல ஆண்டுகள் உழைக்கும். ஆனால் அதற்காகப் புதிய சக்கரங்களும் அரிய பாகங்களும் வாங்க வேண்டியிருந்தால், அதே செலவில் மேலான ஃபிரேம் ஒன்றைத் தேடிக்கொள்ளலாம்.

அறிகுறி: சீட் போஸ்ட் அசையவே மறுக்கிறது

மீட்பு முயற்சிகள் அதிகம் தோற்பது இந்த இடத்தில்தான் என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். எஃகுக் குழாய்க்குள் அலுமினிய போஸ்ட்டைக் கிரீஸ் இல்லாமல் செருகி, ஈரமும் உப்பும் சேரும்படி ஆண்டுக்கணக்கில் விட்டுவிட்டால், இரு உலோகங்களுக்கிடையே மின்வேதி அரிமானம் நடக்கிறது. அரிக்கப்படுவது அலுமினியம். அதிலிருந்து உருவாகும் வெள்ளைச் சேர்மம் அரிக்கப்பட்ட உலோகத்தைவிட அதிக இடம் பிடிப்பதால், போஸ்ட் உள்ளேயே ஆப்பு அடித்ததுபோல் இறுகிவிடுகிறது. சீட் லக்கின் மேல்விளிம்பில், போஸ்ட்டைச் சுற்றி, விரல் நகத்தால் சுரண்டினால் மாவாக உதிரும் வெள்ளைப் பொடி தெரிந்தால் இதுதான் நடந்திருக்கிறது.

இறுக்கும் போல்ட்டை முழுவதும் கழற்றிவிடுங்கள். ஊடுருவும் எண்ணெயை மேலிருந்து மட்டும் விட்டால் போதாது. பெடல் அச்சைக் கழற்றி, ஃபிரேமைக் கவிழ்த்து, சீட் டியூபின் அடிப்பக்கத் துளை வழியாகவும் ஊற்றிச் சில நாட்கள் ஊறவிட வேண்டும். அதன் பிறகு போஸ்ட்டின் தலைப்பகுதியை உறுதியான வைஸில் (மேசைப் பிடிகருவியில்) பிடித்து, ஃபிரேமையே நெம்புகோலாகப் பயன்படுத்தி இடமும் வலமுமாகத் திருப்புங்கள். போஸ்ட்டைக் குழாய் ஸ்பேனரால் திருகுவதைவிட இது பலமடங்கு பலன் தரும். ஒரு மயிரிழை அசைந்தாலும் வேலை முடிந்தமாதிரிதான். மீண்டும் எண்ணெய் விட்டு முன்னும் பின்னும் அசைத்துக்கொண்டே வெளியே இழுக்கலாம். ஒரேயடியாகப் பலத்தைக் காட்டினால் மெல்லிய சீட் டியூப் முறுக்கிக்கொள்ளும்.

சூடாக்கினால் கழலும் என்ற பொது அறிவுரை இங்கே தவறான பலனைத் தரலாம். ஒரே அளவு வெப்பத்துக்கு அலுமினியம் எஃகைப்போல் ஏறக்குறைய இருமடங்கு விரிவடைவதால், இரண்டும் சேர்ந்து சூடானால் போஸ்ட் மேலும் இறுகும். போஸ்ட்டுக்குள் பனிக்கட்டி போட்டுக் குளிர்விப்பதே சரியான திசை. போஸ்ட்டும் எஃகாக இருந்து துருவால் ஒட்டியிருந்தால் மட்டும் வெளிக்குழாயைச் சூடாக்குவது உதவும்.

எதற்கும் அசையாவிட்டால் போஸ்ட்டை லக்குக்குச் சற்று மேலே அறுத்துவிட்டு, ரம்ப அலகை உள்ளே விட்டு நீளவாக்கில் இரண்டு கீற்றுகள் அறுத்து, துண்டுகளை உள்நோக்கி மடக்கி எடுக்கலாம். பொறுமையும் கைநிதானமும் உள்ளவருக்கே இது கைகூடும். அலகு ஃபிரேம் குழாயைத் தொட்டுவிட்டால் பாதுகாத்ததையே கெடுத்தவர்களாவோம். அலுமினியத்தைக் கரைக்கும் காஸ்டிக் சோடாக் கரைசலைச் சிலர் கடைசி வழியாகப் பயன்படுத்துகிறார்கள். அது கொதித்துச் சூடாகி, தீப்பிடிக்கும் ஹைட்ரஜன் வாயுவை வெளியிடுகிறது, கண்ணில் பட்டால் பார்வை போகும், பெயின்டையும் தின்றுவிடும். அலுமினிய ஃபிரேமில் ஊற்றினால் ஃபிரேமே கரையும். வேதிப்பொருள்களைக் கையாண்டு பழக்கமில்லாதவர்கள் இந்த வழியை நாடவே வேண்டாம்.

போஸ்ட் இப்போதே உங்களுக்கு ஏற்ற உயரத்தில் ஒட்டியிருந்தால், அப்படியே ஓட்டிவிடலாமே என்ற எண்ணம் வரும். ஓட்டலாம். ஆனால் அரிமானம் உள்ளே தொடரும் என்பதையும், பின்னொரு நாள் அதைக் கழற்றுவது இன்னும் கடினமாகும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

அறிகுறி: ஹேண்டில்பார் ஸ்டெம் இறங்கவோ ஏறவோ மறுக்கிறது

பல நேரங்களில் இது ஒட்டிக்கொண்டதால் வரும் குறையே அல்ல. ஸ்டெம்மின் அடியில் உள்ள ஆப்பு இறுகியிருப்பதுதான் காரணம். மேல் போல்ட்டைச் சில சுற்றுகள் மட்டும் தளர்த்தி, அதன் தலைமீது மரக்கட்டை வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினால் ஆப்பு கீழே விடுபடும். அதன் பிறகும் அசையாவிட்டால் சீட் போஸ்ட்டுக்குச் சொன்ன எண்ணெய் முறையையே பின்பற்றி, முன்சக்கரத்தைக் கால்களுக்கிடையில் பிடித்துக்கொண்டு திருகுங்கள். வெளியே வந்த ஸ்டெம்மின் கீழ்ப்பிளவு முடியும் இடத்தில் விரிசல் உள்ளதா என்று பாருங்கள். பிரான்சின் ஏ.வி.ஏ. முத்திரை கொண்ட பழைய ஸ்டெம்கள் அங்கே முறிவதற்குப் பேர்போனவை. அவற்றைச் சோதிக்காமலே மாற்றிவிடலாம்.

அறிகுறி: பெடல் சுற்றும்போது கரகரக்கிறது, அல்லது கிராங்க் ஆடுகிறது

கரகரப்பு என்பது காய்ந்த கிரீஸும் தேய்ந்த பால்ரஸும்தான். புதிய குண்டுகளும் கிரீஸும் மலிவானவை. குண்டுகள் ஓடும் கிண்ணத்திலும் அச்சிலும் குழி விழுந்திருந்தால்தான் அவற்றை மாற்ற வேண்டியிருக்கும். அப்போது கேள்வி மரைக்குத் தாவுகிறது.

பெடல் அச்சுக் கூட்டின் மரை நாட்டுக்கு நாடு வேறுபட்டது. ஆங்கிலேய மரை 1.37 அங்குல விட்டமும் அங்குலத்துக்கு 24 சுற்றும் கொண்டது. அதன் வலப்பக்கக் கிண்ணம் இடஞ்சுழி மரையுடையது என்பதால், மற்ற மரைகளுக்கு எதிர்த்திசையில் திருப்பினால்தான் கழலும். இத்தாலிய மரை 36 மி.மீ. விட்டம், 24 சுற்று, இருபுறமும் வலஞ்சுழி, கூட்டின் அகலம் 70 மி.மீ. பழைய பிரெஞ்சு மரை 35 மி.மீ. விட்டமும் 1 மி.மீ. இடைவெளியும் கொண்டது, அதுவும் இருபுறமும் வலஞ்சுழி. பல கிண்ணங்களின் முகப்பிலேயே இந்த எண்கள் குத்தப்பட்டிருக்கும். எந்த மரை என்று தெரியாமல் நீண்ட நெம்புகோலைப் போட்டுத் திருப்புவதால் கெட்டுப்போன ஃபிரேம்கள் ஏராளம். ஆங்கிலேய மரைக்கு இன்றும் புதிய பாகம் எளிதாகக் கிடைக்கிறது. பிரெஞ்சு மரைக்குத் தேட வேண்டியிருக்கும். எனவே பாகங்கள் எல்லாம் உடனிருக்கும் பிரெஞ்சு சைக்கிளைத் தயங்காமல் மீட்கலாம், பாகங்கள் காணாமற்போனதை இருமுறை யோசித்தே எடுக்க வேண்டும்.

கிராங்க் ‘காட்டர் பின்’ எனும் ஆப்பு போன்ற ஆணியால் பிடிக்கப்பட்டிருந்தால், நட்டை முழுவதும் கழற்றாமல் மரையின் நுனிக்குச் சமமாக நிறுத்தி, எண்ணெய் விட்டு ஊறவைத்து, பின்னை அழுத்தி வெளியேற்றும் கருவியைப் பயன்படுத்துங்கள். சுத்தியலால்தான் அடிக்க வேண்டுமென்றால், கிராங்கின் அடியில் தடித்த இரும்புக் குழாயொன்றைத் தரையிலிருந்து முட்டுக்கொடுத்து நிறுத்துங்கள். முட்டில்லாமல் அடித்தால் அடியின் விசை முழுவதும் குண்டுகளிலும் கிண்ணத்திலும் இறங்கி அவற்றைக் குழியாக்கும்.

சதுர அச்சுள்ள அலுமினிய கிராங்கென்றால் அதை இழுத்தெடுக்கும் கருவியின் மரை பெரும்பாலும் 22 மி.மீ. பழைய ஸ்ட்ராங்லைட் கிராங்குகளுக்கு 23.35 மி.மீ., டி.ஏ. கிராங்குகளுக்கு 23 மி.மீ. கருவி தேவை. தவறான கருவியைத் திருகினால் அலுமினிய மரை வழித்துக்கொண்டு வந்துவிடும். கருவியைப் பொருத்துமுன் போல்ட்டோடு அதன் வாஷரும் வெளியே வந்துவிட்டதா என்று விளக்கடித்துப் பாருங்கள்.

அறிகுறி: சக்கரம் கோணலாகச் சுழல்கிறது

ஃபிரேமுக்கு அடுத்தபடியாகச் செலவைத் தீர்மானிப்பவை சக்கரங்கள். காந்தம் ஒட்டினால் ரிம் எஃகு. குரோம் பூசிய எஃகு ரிம்கள் ஈரத்தில் மிக மோசமாகப் பிரேக் பிடிக்கும் என்பதால், அவற்றைக் காப்பாற்ற நான் மெனக்கெட மாட்டேன். அலுமினிய ரிம்மென்றால் பிரேக் கட்டை உரசும் பக்கத்தில் அடிக்கோலின் விளிம்பை வைத்துப் பாருங்கள். நடுவில் வெளிச்சம் தெரியுமளவு குழிந்திருந்தால் ரிம் தேய்ந்துவிட்டது. நிப்பிள் (ஸ்போக்கை ரிம்மில் இறுக்கும் சிறு நட்டு) துளைகளைச் சுற்றி வெடிப்பு இருந்தாலும் அப்படியே.

ரிம் நன்றாக இருந்தால் கோட்டம் எடுக்க முடியுமா என்பது நிப்பிள்களைப் பொறுத்தது. ஒவ்வொன்றிலும் ஒரு துளி எண்ணெய் விட்டு மறுநாள் திருகிப் பாருங்கள். ஸ்போக்கோடு சேர்ந்தே முறுக்கிக்கொள்ளும் நிப்பிள்களும் முனை மழுங்கிச் சுழலும் நிப்பிள்களும் பெரும்பான்மையாக இருந்தால், ஹப்பை மட்டும் வைத்துக்கொண்டு சக்கரத்தைப் புதிதாகக் கட்டுவதே மேல்.

பின் ஹப்பின் அச்சைக் கையால் சுழற்றி அதன் நுனியைக் கவனியுங்கள். நுனி வட்டமடித்தால் அச்சு வளைந்திருக்கிறது. ஃப்ரீவீலை (பின் பல்சக்கரத் தொகுதியை) மரையில் திருகிப் பொருத்தும் பழைய ஹப்களில் வலப்பக்கக் குண்டுகள் டிராப் அவுட்டிலிருந்து வெகுதூரம் உள்ளே இருப்பதால் அச்சு வளைவது சகஜம். குண்டுகளை வெளிப்புறமாக நகர்த்தி இந்தக் குறையை நீக்கிய ஃப்ரீஹப்பை ஷிமானோ 1978இல் கொண்டுவந்தது. புதிய அச்சு மலிவானது, வளைந்த அச்சுக்காகச் சக்கரத்தைத் தள்ள வேண்டாம்.

டயரின் அளவு இன்னொரு பொறி. பழைய 27 அங்குல ரிம்மின் டயர் அமரும் விட்டம் 630 மி.மீ., இன்றைய 700சி ரிம்முடையது 622 மி.மீ. ஒன்றின் டயர் மற்றதற்குப் பொருந்தாது. 700சி சக்கரத்துக்கு மாற விரும்பினால் பிரேக் கட்டைகள் 4 மி.மீ. கீழே இறங்க வேண்டும். பிரேக்கின் கரத்தில் அதற்கு இடமிருக்கிறதா என்று இப்போதே அளந்துவிடுங்கள். ரிம்மில் டயர் பசையால் ஒட்டப்பட்ட வகையாக இருந்தால், அந்தப் பழைய பசையை நம்பி ஓடவே கூடாது. திருப்பத்தில் டயர் கழன்றுவிடும்.

அறிகுறி: கியர் மாறவில்லை, பிரேக் பிடிக்கவில்லை

இவை கேட்கப் பெரிய குறைகளாகத் தோன்றினாலும் மிக எளிதில் தீர்பவை. கியர் நெம்புகோல் ‘கிளிக்’ என்று நிற்காமல் வழுக்கிச் செல்வதைக் குறையாக எண்ண வேண்டாம். ஷிமானோ 1984இல் படிப்படியாக நிற்கும் முறையைக் கொண்டுவருவதற்கு முன் பெரும்பாலானவை உராய்வு நெம்புகோல்கள்தாம். புதிய கம்பியும் உறையும் போட்டு, டீரெய்லரின் மூட்டுகளைச் சுத்தம் செய்து எண்ணெய் விட்டால் பெரும்பாலும் உயிர்பெறும். பிரான்சின் சிம்ப்ளெக்ஸ் நிறுவனத்தின் பிளாஸ்டிக் டீரெய்லர்கள் மட்டும் காலப்போக்கில் வெடிப்பவை. செயினில் 12 அங்குலம், அதாவது 304.8 மி.மீ., இருக்க வேண்டிய நீளம் 1.5 மி.மீ. கூடியிருந்தால் செயினை மாற்றுங்கள். 3 மி.மீ. கூடியிருந்தால் ஃப்ரீவீலும் சேர்ந்தே தேய்ந்திருக்கும். பிரேக்குக்குப் புதிய கட்டைகளும் கம்பிகளும் போதும்.

அறிகுறி: காந்தம் ஃபிரேமில் எங்குமே ஒட்டவில்லை

அலுமினியக் குழாய்களைப் பசையால் ஒட்டிச் செய்த ஃபிரேம்கள், எடுத்துக்காட்டாக இத்தாலியின் ஆலன், பிரான்சின் விட்டுஸ் 979, மிக இலேசானவை, அழகானவை. ஆனால் ஒட்டு விடுபட்டால் வீட்டில் சரிசெய்ய வழியில்லை. ஒவ்வொரு இணைப்பையும் கழுவி, குழாய் லக்குக்குள் நுழையும் விளிம்பில் மயிரிழை இடைவெளியோ வெள்ளைப் பொடியோ உள்ளதா என்று பாருங்கள். பின்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு பெடலைப் பக்கவாட்டில் மிதித்து அழுத்தும்போது இணைப்பில் ‘கிறீச்’ என்ற ஒலி கேட்டாலோ, குழாய் நகர்வது விரலுக்குப் பட்டாலோ விட்டுவிடுக. அலுமினிய லக்குகளில் கார்பன் குழாய்களை ஒட்டிய தொடக்கக்கால ஃபிரேம்களுக்கும் இதே சோதனைதான், இன்னும் கடுமையாக.

விட்டுவிடுவது என்று முடிவானால்

ஃபிரேம் முடிந்துவிட்டாலும் அதிலுள்ள நல்ல பாகங்கள் இன்னொரு சைக்கிளை ஓடவைக்கும். பிரெஞ்சு மரையுள்ள கிண்ணங்கள், பெடல்கள், விட்டம் மாறுபட்ட சீட் போஸ்ட்டுகள் ஆகியவற்றைக் கட்டாயம் கழற்றி, அளவை எழுதிக் கட்டி வையுங்கள். அவற்றுக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருப்பவர்கள் உண்டு. கழற்றும்போது இடது பெடலின் மரை இடஞ்சுழி என்பதை மறக்க வேண்டாம். பழைய பிரெஞ்சு பெடல்களின் அச்சில் ‘டி’ என்ற எழுத்து இருந்தால் வலப்பக்கம், ‘ஜி’ என்ற எழுத்து இருந்தால் இடப்பக்கம். ஹப்பைத் தனியாக எடுக்க ஸ்போக்குகளை வெட்டுவதாயிருந்தால், அதற்கு முன்பே ஃப்ரீவீலைக் கழற்றிவிடுங்கள். அதன் கருவியை வைஸில் பிடித்து, முழுச் சக்கரத்தையும் ஸ்டியரிங்போல் இரு கைகளாலும் பிடித்துத் திருப்பினால்தான் ஆண்டுக்கணக்கில் மிதித்து இறுகிய அந்த மரை அசையும். ஸ்போக்குகள் போய்விட்ட வெற்று ஹப்பில் பிடித்துத் திருப்ப எதுவும் இருக்காது.